சுவரும் சித்திரமும்

பட்டிப்பொல என்றதும் பிரயாணிகள் பலரின் நினைவுக்கு வருவது அங்குள்ள புகையிரத நிலையமேயாகும். கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்து, இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் என்னும் பெருமையைப் பெற்றது அது. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை, 1893ஆம் ஆண்டில் ஹப்புத்தளை வரை நீண்டபோது இம்மலைமுடியைக் கடந்து சென்றது. பதுளைக்குச் செல்வோர் இங்கே சாளரத்தின் வழியாகத் தலையை நீட்டிப் பெயர்ப்பலகையைப் பார்ப்பர். ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வோர் இறங்கி வாகனம் ஏறுவர். நிலையத்துக்கு அப்பால் மூடுபனிக்குள் மறைந்திருக்கும் வீடுகளைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே.

கடந்த மார்கழியின் இறுதி ஞாயிறன்று நாம் அங்கு இறங்கியது அத்தகைய ஒரு வீட்டைக் காண்பதற்காகத்தான். எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, இப்பொழுது தானே ஓர் ஆசிரியையாகிவிட்டவள், பொங்கலுக்கு முன்னதாக வந்து தன் வீட்டைப் பார்க்குமாறு மூன்று ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தாள். அவ்வழைப்பை நாம் தட்டிக்கழித்து வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை இங்கு மறைக்காமற் கூறிவிடுவதே முறை.

பல ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பிலே ‘எமது இல்லம்’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். ஏனைய மாணவர்கள் முற்றத்தையும் பூந்தோட்டத்தையும் பற்றி எழுதினர். இம்மாணவியோ, தன் தந்தையைப் பெற்ற அப்பாயி ஆண்டுதோறும் லயன் அறைச் சுவருக்கு வெள்ளையடித்துக் காவிக் கரை கட்டிச் சித்திரம் தீட்டுவதை நான்கு பக்கங்களில் எழுதியிருந்தாள். நாம் ஓரத்திலே சிவப்பு மையினால் ‘தலைப்பிலிருந்து விலகியது’ என்று குறித்தோம். அத்துடன் நின்றோமா? சொந்தமில்லாத லயத்துக்கு வண்ணம் பூசுவது கூண்டுக்குப் பொன்முலாம் பூசுவது போன்றதென வகுப்பின் முன்னே கூறியும் வைத்தோம். அன்று அது எமக்குப் பெரிய சமூக ஞானமாகத் தோன்றிற்று!

அப்பாயியின் சுவர்

நிலையத்திலிருந்து அரைமணி நேரம் நடந்தோம். ஒரு புறம் உருளைக்கிழங்குப் பாத்திகள், மறுபுறம் தேயிலை. மேட்டிலே தகரக் கூரையிட்ட லயம் ஒன்று நின்றது. வரிசையாக அமைந்த காம்பராக்களுள் மூன்றாவது மட்டும் பனியினூடே வெண்மையாகத் துலங்கியது. வாசலில் முக்காலியின்மீது நின்று, எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சேர், வாங்க. சுவத்துல மட்டும் சாஞ்சிராதீங்க, காவி ஒட்டிக்கும்” என்றார் அவர்.

லயங்களின் கதை நமது வாசகர்கள் அறியாததன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஓர் அறையும் அதன் முன்னே சிறு இஸ்தோப்பும் ஒரு குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டன. கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்காக எழுந்த இவ்வமைப்பு தேயிலைக் காலத்திலும் தொடர்ந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், அறையின் அளவு மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களின் வழித்தோன்றல்களுள் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் அவ்வுரிமை கிட்டிய பின்னரும், தாம் வாழும் சுவர் தமதென்று காட்டும் உறுதி பெரும்பாலோரிடம் இருக்கவில்லை.

இவை யாவும் எமக்குத் தெரியும். ஆதலால் அப்பாயியிடம் பழைய கேள்வியையே சற்று நயமாகக் கேட்டோம்: “அம்மா, வீடு தோட்டத்தினுடையது. நீங்கள் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?”

அவர் கையை நிறுத்தாமலே விடையளித்தார்: “வீடு தோட்டத்தோடதுதாங்க சேர். பொங்கல் எங்களோடதுங்களே.”

சுண்ணாம்பின் இரகசியம்

அப்பாயி செய்யும் வேலையைக் கவனித்தபோது, அதிலே அனுபவம் மட்டுமன்றி விஞ்ஞானமும் நிறைந்திருப்பதைக் கண்டோம். இல்லத்தரசிகளுக்குப் பயன்படுமென்பதால் அதனைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையிற் சுட்டால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு வெளியேறி, நீறாத சுண்ணாம்பு எஞ்சுகின்றது. அதனுடன் நீர் சேரும்போது பெருவெப்பம் எழுந்து சுண்ணாம்பு நீறுகின்றது. நீறிய சுண்ணாம்பைச் சுவரிலே பூசினால், அது காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகின்றது. எனவே வெள்ளையடித்தல் என்பது சுவருக்கு மெல்லிய கற்போர்வை ஒன்றைப் போர்த்துவதேயாகும். கடைகளிற் கிடைக்கும் பூச்சு காய்ந்து படலமாகின்றது. சுண்ணாம்போ கல்லாக மாறுகின்றது. வேறுபாடு இதுதான்.

இம்மாற்றம் நிகழச் சிறிது ஈரம் வேண்டும். ஆதலாற்றான் அப்பாயி முதலிற் சுவருக்குத் தண்ணீர் தெளித்தார். உலர்ந்த சுவரிற் பூசினால் சுவர் நீரை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு மாவாகி, தொட்டால் கையில் ஒட்டும். அவர் சந்தையில் வாங்கிய சுண்ணாம்பை ஒரு கிழமைக்கு முன்னரே பழைய வாளியில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, பால்போன்ற பதத்தில் வைத்திருந்தார். சலவைக்கு இடும் நீலத்தை ஒரு சிட்டிகை கலந்தார். மஞ்சட் சாயல் மறைந்து வெண்மை தூக்கலாகத் தெரிவதற்காக. முதற் பூச்சு வெறும் தண்ணீர் போலத் தோன்றியது, நமக்கு ஏமாற்றமாயிருந்தது. “காஞ்சாத்தான் தெரியும்” என்றார். ஒரு மணி நேரத்தின் பின் சுவர் வெளுக்கத் தொடங்கியது. தடிப்பாக ஒரே முறை பூசினால் வெடித்து உதிரும் என்பதும், மெல்லிதாக மூன்று முறை, ஒவ்வொரு நாள் இடைவிட்டுப் பூசவேண்டும் என்பதும் அவரது விதி. பட்டிப்பொல போன்ற குளிர்ந்த இடங்களில் தைமாத இரவுகளிற் பனி உறைவதும் உண்டாதலால், காலை வெயில் ஏறிய பின்பு தொடங்கி, மாலைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தது.

பழைய கல்லும் மண்ணும் கொண்ட சுவர்களுக்குச் சுண்ணாம்பே உகந்தது. அது சுவரின் ஈரத்தை வெளியே செல்லவிடும். தன் காரத்தன்மையாற் பூஞ்சணத்தையும் தடுக்கும். அத்தகைய சுவர் மீது எனாமல் பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளே அகப்பட்டு, ஓராண்டிற்குள் பூச்சுக் கொப்புளித்துவிடுவதைப் பல வீடுகளிற் காணலாம். ஏற்கெனவே எனாமல் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடியாது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீறாத சுண்ணாம்பு நீர்பட்டவுடன் கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. சிறுவரை அருகில் விடலாகாது. சுண்ணாம்பில் நீரை ஊற்றாமல், நீரிலே சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுதல் நன்று. அதுபோலவே, பழைய எனாமல் பூச்சைச் சுரண்டும்போது உலரச் சுரண்டுதல் கூடாது; நனைத்த பின்பே சுரண்டவேண்டும். அப்பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். நமது நாட்டிற் பூச்சுகளிலுள்ள ஈயத்துக்கு வரம்பு விதிக்கும் ஒழுங்குவிதி 2013ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளின் உடலுக்கு இவ்வளவு ஈயம் தீங்கற்றது என்று கூறத்தக்க அளவு எதுவுமே இல்லை என்பது மருத்துவ உலகின் முடிபு. கர்ப்பிணிகளும் பாலரும் அவ்வேளை வீட்டில் இல்லாதிருப்பதே நலம்.

காவியும் கோலமும்

வெண்மை காய்ந்த பின்னர் அப்பாயி காவி மண்ணைக் குழைத்தார். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் செந்நிறக் கரை. வாசலின் இரு மருங்கும் கரும்பு. நிலைக்கு மேலே வரிசையாகக் கிளிகள். இடையிடையே கொழுந்துக் கூடைகள்! எம் தமிழ்நாட்டு முன்னோரின் சுவர்களிற் கூடை இருந்திராது. இது மலைநாடு அளித்தது. கரும்போ இம்மலையில் விளைவதில்லை. அது கடல் கடந்து வந்த நினைவு. இரண்டையும் ஒரே சுவரில் ஒரே கை எழுதுகின்றது.

காவி நிறம் சுண்ணாம்பின்மீது நெடுநாள் நிலைப்பதற்குக் காரணம் உண்டு. காவியின் செம்மை இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்பின் காரம் அதனைக் கெடுப்பதில்லை. எல்லா நிறங்களும் அவ்வாறல்ல. மஞ்சட்பொடியைச் சுண்ணாம்பிற் கலந்தால் சிவந்துவிடும். ஆலத்தித் தட்டில் நாம் காணும் செந்நீர் அவ்வாறு உண்டாவதே. ஆயினும் அச்சிவப்பு வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். ஆகவே சுண்ணாம்புச் சுவரிற் சித்திரம் எழுத விரும்புவோர் காவி, கரி, மண் நிறங்கள் ஆகியவற்றையே கொள்ளுதல் சிறப்பு.

மிதிலையும் தென்னாபிரிக்காவும்

வறியோர் இல்லத்துச் சுவர்களில் மாதர் எழுதும் சித்திரம் மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. உலகின் வேறிரு மூலைகளில் அது அடைந்த பெருமையை அறிந்தால், நம் அப்பாயிமாரின் கைகளை நாம் வேறு கண்கொண்டு நோக்குவோம்.

சீதை பிறந்த மிதிலை, இன்று பீகாரின் வடபகுதியிலும் நேபாளத்திலுமாகக் கிடக்கின்றது. அங்கே மணவறைச் சுவர்களில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் எழுதுவது தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் பணி. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி பெரும் பூகம்பம் ஒன்றால் அவ்வீடுகள் சரிந்தன. சேதங்களைப் பார்வையிடச் சென்ற வில்லியம் ஆர்ச்சர் என்னும் ஆங்கில அதிகாரி, இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் அச்சித்திரங்களைக் கண்டு வியந்தார். 1949இல் அவற்றைப் பற்றிக் கலைச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். 1966ஆம் ஆண்டளவில் பீகாரிற் கொடிய வறட்சி ஏற்பட்டபோது, அகில இந்தியக் கைப்பணிச் சபையின் சார்பில் பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியர் அங்கு சென்று, சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதுமாறு அப்பெண்களை ஊக்கினார். அவர்களுள் ஒருவரான ஜகதம்பா தேவி 1975ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது பெற்றார். சுவர் இடிந்திராவிடின் உலகம் அச்சித்திரங்களைக் கண்டிருக்குமோ, ஐயமே!

தென்னாபிரிக்காவின் என்டெபெலே மக்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1883ஆம் ஆண்டில் போயர்களிடம் தோல்வியுற்ற அம்மக்களின் நிலம் பறிக்கப்பட்டது. அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக வெள்ளையர் பண்ணைகளுக்குப் பங்கிட்டு அனுப்பப்பட்டனர். அதன்பின் வந்த தலைமுறைகளில், அந்நியர் நிலத்தில் எழுந்த தம் குடில்களின் சுவர்களில் அப்பெண்கள் கறுப்புக் கோடுகளால் வரம்பிட்ட வண்ண வடிவங்களைத் தீட்டலாயினர். ‘நாம் இன்னார்’ என்று அச்சுவர்கள் உரைத்தன. 1935இற் பிறந்து, சிறுமியாயிருக்கையிலேயே தாயிடமும் பாட்டியிடமும் இக்கலையைக் கற்ற எஸ்தர் மஹ்லாங்கு, 1991ஆம் ஆண்டில் ஜேர்மானிய மோட்டார்க் கார் ஒன்றின்மீது அவ்வடிவங்களைத் தீட்டி உலகப் புகழ் எய்தினார்.

அவர்களுக்கும் நிலம் சொந்தமில்லை, எனினும் எழுதினர். ‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் பழமொழி. சுவர் யாருடையதாயினும் சித்திரம் எழுதியவருடையதே என்பதை எமக்கு அன்று உணர்த்துவார் இல்லை. எமது கூண்டு உவமையின் பிழை இதுவே. கூண்டுக்கு முலாம் பூசுவோன் கூண்டின் உடைமையாளன். இங்கே பூசுபவரோ உள்ளே வாழ்பவர்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வண்ணம் குறையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. இதனை நாம் எடுத்துரைக்கத் தேவையிருக்கவில்லை. கூரையைச் சுட்டிக்காட்டி, “ஒழுகுறதுக்குச் சுண்ணாம்பு மருந்தில்லீங்க சேர்” என்று அப்பாயியே கூறிவிட்டார்.

வீட்டுக்குள்ளே சில கைப்பணிகள்

அவ்வீட்டினுள்ளே வேறு சிலவற்றையும் கண்டோம். ஓய்வு நேரத்தில் எவரும் செய்யக்கூடியவை அவை.

குளிர் மிகுந்த அம்மலையில் கம்பளி போதாதபோது, பழைய பருத்திச் சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி, ஓரம் முதல் ஓரம் வரை சிறு நூலோட்டத் தையலாகத் தைத்துப் போர்வையாக்கியிருந்தனர். வங்காளத்திலே இவ்வாறு தைக்கும் போர்வையைக் ‘காந்தா’ என்பர். நமது ‘கந்தை’ என்னும் சொல்லும் அவ்வினத்ததே. நாம் இழிவாகக் கூறும் சொல் அங்கே கலையின் பெயர்! தைப்போர் நினைவிற் கொள்ள வேண்டியவை இரண்டு: ஒரே அளவு தேய்ந்த துணிகளையே சேர்த்தல் வேண்டும், தைக்குமுன் எல்லாவற்றையும் வெந்நீரில் அலசிச் சுருங்கவிடுதல் வேண்டும். இல்லையேல் முதற் சலவையிலேயே போர்வை கோணிவிடும்.

மூலையிலே ஒரு விளக்குத்தண்டு நின்றது. பிடுங்கியெறிந்த பழந்தேயிலைச் செடியின் வேரை மாணவியின் சகோதரன் மண்போகக் கழுவி, நிழலில் பல மாதம் உலர்த்தி, மணற்கடதாசியால் தேய்த்து மெருகிட்டுச் செய்தது. அவ்வேர் மிகக் கடினமானது. வெயிலில் விரைந்து உலர்த்தினால் வெடிக்கும், பொறுமையாக உலர்த்தினாற் பல்லாண்டு நிற்கும்.

உட்சுவரின் ஒரு பகுதியில், கோதுமை மாப் பசையால் ஒட்டிய பழைய பத்திரிகைத் தாள்கள் இன்னும் இருந்தன. எமது உள்ளம் ஒரு கணம் இளமைக்குச் சென்றது. நாமும் அத்தகைய காம்பராவிற் பிறந்தவரே. குளிர்காற்றைத் தடுக்க அன்னையார் சுவரெங்கும் ஒட்டிய ஞாயிற்றுப் பத்திரிகைகளே எமது முதற் பாடநூல். தலைகீழாக ஒட்டிய பக்கத்தைப் படிக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அச்சுவரிற் கற்ற எழுத்தைக் கொண்டு பட்டம் பெற்று, அச்சுவருக்கு வண்ணம் எதற்கென்று ஒரு சிறுமியிடம் கேட்டவர்களும் நாமே!

ஒரு கொப்பி

பகலுணவின் பின் மாணவி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். நாம் சிவப்பு மையாற் குறித்த அந்தக் கட்டுரை முதற் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பக்கம்: அப்பாயி அவ்வாண்டில் எழுதிய சித்திரம், கட்டக் கொப்பியிற் பார்த்து வரைந்தது, கீழே ஆண்டு, அதன் கீழே அப்பாயியின் முழுப்பெயர்.

“தலைப்பை விட்டு விலகினதுன்னு நீங்க எழுதினீங்க சேர். அப்போ இதுக்கு ஒரு தனித் தலைப்பு வேணும்னு நினைச்சேன்” என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே எம்மை மிகவும் வருத்தியது. அன்று கூறியது தவறென்று, அவளிடமும் அப்பாயியிடமும் கூறினோம். அப்பாயிக்கு எம் மன்னிப்பிலும் எம் கோப்பையில் தேநீர் தீர்ந்துபோனதே பெரிதாகப்பட்டது.

இக்கொப்பியின் அவசரம் என்னவென்பதை அவளே விளக்கினாள். இன்றில்லாவிடினும் ஒருநாள் இந்த லயம் இடிக்கப்படும், இடிக்கப்படவும் வேண்டும். இந்திய உதவியுடன் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் என்று தனிவீட்டுத் திட்டங்கள் வந்துள்ளன. சொந்த நிலத்தில் தனிவீடு என்பதற்கு இணையான சித்திரம் எதுவும் இல்லை. ஆனால் லயம் இடியும்போது அச்சுவர்களில் எழுதியவையும் மண்ணாகும். மிதிலையில் சுவர் சரிந்தபோது பார்க்க ஒருவர் இருந்தார். இங்கே யார் இருப்பார்?

கம்பளைக்கு அருகே, பழைய லயம் ஒன்றையே காட்சிச்சாலையாக்கி, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பாவனைப் பொருள்களை 2007ஆம் ஆண்டு முதல் பேணி வருகின்றனர். போற்றத்தக்க பணி அது. ஆயினும் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் காட்சிச்சாலைக்கு எடுத்துச் செல்ல முடியாதன்றோ?

ஆகவே வாசகர்களிடம், சிறப்பாக மலையகப் பாடசாலை ஆசிரியர்களிடம், ஒன்று வேண்டுகின்றோம். இவ்வாண்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேளையிற் பிள்ளைகளையும் உடன் நிறுத்துங்கள். சுண்ணாம்பின் பதத்தையும் காவியின் அளவையும் அவர்கள் கையாலே அறியட்டும். பாட்டியார் எழுதும் சித்திரத்தை ஒரு கொப்பியில் வரையச் செய்யுங்கள். கைத்தொலைபேசியிற் படமும் எடுக்கலாம். எழுதியவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தவறாது குறியுங்கள். பெயரில்லாத சித்திரம் விரைவில் எவருடையதுமல்லாததாகிவிடும். புதுவீட்டுக்குப் போகின்றவர்கள் அக்கொப்பியைப் பார்த்து, முதற் பொங்கலன்று அதே கிளியையும் கரும்பையும் கூடையையும் புதுச்சுவரில் எழுதலாம்.

மாலைப் புகையிரதத்துக்கு நாம் புறப்பட்டபோது மூன்றாவது பூச்சு நாளைக்கென்று அப்பாயி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். எமது மேற்சட்டையின் முழங்கையிற் காவி ஒட்டியிருந்ததை நானுஓயாவைத் தாண்டிய பின்புதான் கண்டோம். எச்சரித்தும் சாய்ந்திருக்கின்றோம்! வீடு சேர்ந்ததும் அதனைக் கழுவுமுன், எமது அன்னையார் எம் பழைய காம்பராவின் வாசலில் எழுதிய சித்திரம் எதுவென்று நினைவுகூர்ந்து ஒரு தாளில் வரைந்து பார்த்தோம். பாதிதான் வந்தது. மீதியைக் கேட்க அவர் இன்று இல்லை.